உரையும் மூலமும்: சூழொலியில் மீண்டும் வரும் முற்போக்கு றொக் இசைத்தட்டுகள்

அண்மையில் ஒரு மாலைப்பொழுது. என் பழைய மாணவர் ஒருவரின் வெள்ளவத்தை வீட்டிலே, விறாந்தையை அடுத்த சிற்றறையில் அமர்ந்திருந்தேன். எனக்கு முன்னே மூன்று ஒலிபெருக்கிகள், பின்னே இரண்டு, மூலையிலே அடித்தொனிக்கென்றே தனியாக ஒரு பெட்டி. "சேர், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ" என்றார் அவர். கிங் கிறிம்சன் என்னும் ஆங்கிலக் குழுவினரின் முதல் இசைத்தட்டு, 'இன் த கோட் ஒவ் த கிறிம்சன் கிங்', ஒலிக்கத் தொடங்கியது.

அந்த இசைத்தட்டு எனக்குப் புதியதன்று. எழுபதுகளின் இறுதியில், கொழும்பிலே வாடகை அறையொன்றில் நான்கு பேராக வாழ்ந்த காலத்தில், ஒரேயொரு ஒலிபெருக்கி கொண்ட நாடாப்பெட்டியிலே அதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிரதிக்குப் பிரதி எடுத்த நாடா. இசையோடு இரைச்சலும் சரிபாதி. அந்த இரைச்சலையும் இசையின் ஓர் உறுப்பாகவே என் செவி ஏற்றுக்கொண்டிருந்தது. இப்பொழுதோ, இரைச்சல் இல்லை; முன்னே முரசு; என்னைச் சூழ்ந்து எழுந்து படர்ந்தது நரம்பிசை போன்றதொரு பேரொலி. முக்கால் மணி நேரத்தின் பின் கண் திறந்தபொழுது, ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு உணர்ச்சிகள் என்னிடத்தே இருந்தன. ஒன்று மகிழ்ச்சி. மற்றொன்று ஐயம். நான் கேட்டது அந்த இசைத்தட்டையா, அல்லது அதற்கு வேறொருவர் எழுதிய உரையையா?

இந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

இலக்கியப் பகுதியிலே றொக் இசைக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். 'முற்போக்கு' என்ற சொல்லைக் கண்டதும் வேறு சிலர் பழைய விவாதங்களை நினைந்து உஷாராகவும் கூடும். இங்கே அச்சொல் அரசியற் கொள்கையைக் குறிப்பதன்று. அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே, மூன்று நிமிட நடனப் பாட்டின் எல்லையைக் கடந்து, மேலைச் சாஸ்திரிய இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் நாட்டுப்பாடலிலிருந்தும் கொள்வன கொண்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கமாகக் கட்டியெழுப்ப முயன்ற இளைஞரின் இயக்கமே 'முற்போக்கு றொக்' எனப் பெயர் பெற்றது. அவ்வியக்கத்தின் தலைசிறந்த ஆக்கங்கள் இன்று புதிய கலவைகளாக, ஐந்து திசைகளிலிருந்தும் ஒலிக்கும் பதிப்புகளாக வெளிவருகின்றன. ஒரு கலைப்படைப்பைப் பிற்காலத்தவர் எவ்வளவு தொடலாம், எவ்விடத்தில் கைவைக்கலாகாது என்னும் வினா இசைக்கு மட்டும் உரியதன்று. மூலபாடம், பாடபேதம், உரை, இடைச்செருகல் என்று நாம் நாள்தோறும் பேசும் பொருளே இங்கு வேறு வேடத்தில் வந்து நிற்கின்றது.

பதிப்பும் உரையும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விளம்பரங்கள் இதனை வேண்டுமென்றே குழப்புகின்றன என்பது என் எண்ணம்.

அக்காலத்து ஒலிப்பதிவுக்கூடத்திலே குரல், கிற்றார், முரசு என ஒவ்வொன்றும் அகன்ற காந்த நாடாவின் தனித்தனித் தடங்களிற் பதியப்பட்டன. 1969 இல் அத்தகைய நாடாவில் எட்டுத் தடங்கள், பின்னர் பதினாறு, அதன்பின் இருபத்துநான்கு. இத்தடங்களை எந்த அளவில், எந்தப் பக்கத்தில், எத்தகைய எதிரொலியோடு சேர்ப்பது என்று முடிவுசெய்து, இடம் வலம் என்னும் இரண்டு வழிகளுக்குள் அடக்குவதே கலவை. அந்த இருவழி நாடாவே இசைத்தட்டுக்கு மூலப்பிரதி.

பழைய மூலப்பிரதியை எடுத்துத் தூசு தட்டி, ஒலியின் சமநிலையைச் சீர்செய்து வெளியிடுவது ஒரு வேலை. இது பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளோடு பட்ட பாட்டை நாம் அறிவோம். பதிப்பாசிரியர் சொல்லைப் புதிதாகப் படைப்பதில்லை, கிடைத்ததைத் துலக்குகிறார். ஆனால் மூலப்பிரதிக்கும் பின்னே சென்று, பல்தட நாடாக்களை மீண்டும் பிரித்து, புதிதாகக் கலப்பது முற்றிலும் வேறொரு வேலை. அங்கே ஒவ்வொரு கணமும் ஒருவர் முடிவெடுக்கிறார்: இந்தப் புல்லாங்குழல் எங்கே நிற்கவேண்டும்? அந்தப் பின்குரல் எவ்வளவு கேட்கவேண்டும்? இது பொருள் காணும் தொழில். ஆகவே இதனை உரை என்றே நான் அழைப்பேன். சூழொலிக் கலவையோ உரையிலும் விரிவுரை. இரண்டு வழிக்கு என அமைந்ததனை ஐந்து வழிகளுக்கும் ஓர் அடித்தொனி வழிக்கும் பகிர்ந்தளிப்பவர், மூலத்தில் இல்லாத இடங்களைத் தாமே நிரப்பியாக வேண்டும்.

உரை என்றவுடன் இழிவு என்று கொள்ள வேண்டா. பரிமேலழகர் இன்றிக் குறளைக் கற்றோர் எத்தனை பேர்? நல்ல உரை மூலத்தை ஒளிரச் செய்யும். ஆனால் உரையை மட்டும் அச்சிட்டு மூலத்தை மறைப்பவரை நாம் மன்னிப்பதில்லை. இதுவே என் முதல் அளவுகோல்.

மேடை முன்னாலே தானே?

மரபை விரும்பும் நண்பரொருவர் இதற்கெல்லாம் ஒரே வார்த்தையில் முடிவு கட்டுகிறார். கச்சேரியிலே பாடகர் முன்னே இருக்கிறார். கேட்பவன் எதிரே இருக்கிறான். முதுகுப் பக்கத்திலிருந்து கிற்றார் வாசிப்பது வித்தையேயன்றிக் கலையன்று என்கிறார் அவர்.

கச்சேரிப் பதிவைப் பொறுத்தவரை அவர் கூற்றை நானும் ஏற்பேன். ஆயின் நாம் பேசும் இசைத்தட்டுகள் கச்சேரியின் நிழற்படங்கள் அல்ல. அவை கூடத்திலே, தடத்தின்மேல் தடமாகக் கட்டப்பட்டவை. யெஸ் குழுவினர் 1972 இல் வெளியிட்ட 'குளோஸ் ரு த எட்ஜ்' என்னும் 18 நிமிடங்களுக்கு மேற்பட்ட ஆக்கம், துண்டு துண்டாகப் பதியப்பட்டு, நாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டியே முழுமை பெற்றது. அதன் நடுவே எழும் பேரோகனின் ஒலி லண்டன் தேவாலயமொன்றில் றிக் வேக்மன் வாசித்தது. அந்த ஆக்கத்துக்கு 'மேடை' என்று ஒன்று இருந்ததேயில்லை.

மேலும், சுற்றிலுமிருந்து ஒலி வருவது இக்கலைஞர்க்குப் பிற்காலத்தார் திணித்த எண்ணமுமன்று. 1967 மே 12 ஆம் திகதி, லண்டன் குயின் எலிசபெத் மண்டபத்திலே பிங்க் புளொய்ட் குழுவினர் நிகழ்த்திய கச்சேரியில், கைப்பிடியை அசைத்து ஒலியை மண்டபத்தைச் சுற்றிச் சுழலவிடும் கருவியொன்றைக் கையாண்டனர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான்கு ஒலிபெருக்கிகளுக்கான இசைத்தட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அவை தோற்றது கலையின் குறைபாட்டாலன்று, எஸ்.கியூ., கியூ.எஸ்., சி.டி.-4 என்று ஒன்றோடொன்று ஒவ்வாத முறைகளை நிறுவனங்கள் போட்டியிட்டு விற்றன. ஒரு முறைக்கெனச் செய்த தட்டு மற்றொரு முறையின் கருவியிலே செவ்வனே ஒலிக்கவில்லை. மக்கள் சலித்து விலகினர். பத்தாண்டு முடிவதற்குள் அம்முயற்சி மடிந்தது. எனவே இன்றைய சூழொலிப் பதிப்புகள் பாதியில் நின்ற ஒரு பயணத்தின் தொடர்ச்சி என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

கிறிம்சன் அரசவையில்

இனி உதாரணங்களுக்கு வருவோம். முதலில் நான் கேட்ட கிங் கிறிம்சன் இசைத்தட்டு. 1969 ஒக்ரோபரில் வெளியான இதனை லண்டன் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்திலே எட்டுத்தட நாடாவிற் பதிந்தார்கள். எட்டுத் தடங்கள் இவ்விளைஞரின் பேராசைக்குப் போதவில்லை. தடங்கள் நிரம்பியதும் பலவற்றை ஒன்றாகக் குறுக்கி இன்னொரு நாடாவுக்கு மாற்றி, மிஞ்சிய இடத்திலே மேலும் வாசித்தார்கள். இவ்வாறு குறுக்குந்தோறும் ஒலி சற்றே மங்கும். மெலோற்றன் என்னும் கருவியின் ஒலி அம்மங்கலிலே முதலில் கரையும். மெலோற்றன் ஒரு விந்தையான வாத்தியம். அதன் ஒவ்வொரு கட்டையின் கீழும் வயலின் முதலியவற்றின் ஒலி பதிந்த நாடாத்துண்டு ஒன்றுண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும்; ஏறத்தாழ எட்டு வினாடியில் முடிந்துவிடும். வாசிப்பவர் மூச்சுப் பிடிப்பதுபோல விரலை மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும்.

2009 இல் இந்த இசைத்தட்டைச் சூழொலியாக்கியவர் ஸ்ரீவன் வில்சன். இசைத்தட்டு முதன்முதல் வெளிவந்தபொழுது இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை; பின்னர் தாமே இசைக்குழு நடத்திப் புகழ்பெற்றவர். அவர் கையாளும் முறை நமது கவனத்துக்குரியது. முதலில் பழைய இருவழிக் கலவையை வரிக்கு வரி ஒப்பிட்டு, இயன்றவரை அதுபோலவே மீண்டும் கட்டுகிறார். அது கைகூடிய பின்னரே சூழொலிக்கு விரிக்கிறார். முதலில் மூலத்தை மனப்பாடம் செய்து பின்னர் பொருள் சொல்லும் பழைய ஆசிரியரின் ஒழுக்கம் இது. பயன் வெளிப்படையாகத் தெரிகின்றது. 'எபிராவ்' என்னும் பாடலிலே, முன்னர் ஒரே மூட்டமாகக் கேட்ட மெலோற்றன் இப்பொழுது அலையலையாக எழுகின்றது. கிறெக் லேக்கின் குரல் அதனுள் அமிழாமல் நிற்கின்றது. மைக்கல் ஜைல்ஸின் முரசிலே எத்துணை நுட்பமான சிறு தட்டுகள் இருந்தன என்பதை நாற்பதாண்டு கழித்து நான் முதன்முறையாக அறிந்தேன். மூலத்தில் இருந்ததும் நம் செவிக்கு எட்டாதிருந்ததுமான ஒன்றைக் காட்டுவதே உரையின் உச்சப்பயன் எனின், இது சிறந்த உரை.

ஆனால் இதே பதிப்பிலேதான் என் மனத்தை உறுத்திய செயலும் உண்டு. 'மூன்சைல்ட்' என்னும் பாடல் மூலத்திலே 12 நிமிடங்களுக்கு மேல் நீள்வது. தொடக்கத்திலே சிறு பாடல். எஞ்சியதெல்லாம் கிற்றாரில் றொபேட் பிரிப்பும், வைபிறபோனில் இயன் மக்டொனால்டும், முரசில் ஜைல்ஸும் தயங்கித் தயங்கி, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசித்த கற்பனை. 2009 கலவையில் அதன் சில நிமிடங்கள் வெட்டப்பட்டன. அப்பகுதி சலிப்பூட்டுகின்றது என்பது பலர் கருத்து. நானும் மாணவப் பருவத்திலே அந்த இடம் வந்ததும் நாடாவை முன்னோக்கி ஓட்டியவன்தான், மறைப்பானேன்? எனினும், சலிப்பு வெட்டுவதற்குக் காரணமாகுமா? படைத்தவரே ஒப்புக்கொண்டார், பிறகென்ன என்று வாதிக்கலாம். படைத்தவர் ஒருவரல்லரே! அந்தக் கற்பனையை வாசித்தவர் மூவர். அவருள் மக்டொனால்டும் ஜைல்ஸும் 1969 இறுதியிலேயே குழுவை விட்டு விலகினர். எஞ்சியவரின் ஒப்புதல் சட்டத்துக்குப் போதலாம். கலை நீதிக்குப் போதாது. அதுமட்டுமன்று. இளமையிலே எழுதியதை முதுமையிலே திருத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்றாலும், முதற்பதிப்பை ஏற்றுக்கொண்டு அதனோடு வாழ்ந்த வாசகருக்கும் அதன்மேல் ஒரு பாத்தியதை பிறந்துவிடுகின்றது. நல்லவேளையாக, முழு வடிவத்தையும் அதே வெளியீட்டில் அநுபந்தமாகச் சேர்த்திருந்தார்கள். அந்த அநுபந்தமே பதிப்பின் மானத்தைக் காத்தது.

ஒரு மூலத்துக்கு இரண்டு உரைகள்

பிங்க் புளொய்டின் 'த டார்க் சைட் ஒவ் த மூன்' வேறொரு பாடம் கற்பிக்கின்றது. 1973 இல் வெளியான இதனைப் பதிந்த அலன் பார்சன்ஸ், அவ்வாண்டிலேயே நான்குவழிக் கலவையொன்றும் செய்தார். முப்பதாண்டுக்குப் பின், 2003 இல், ஜேம்ஸ் கத்றி ஐந்துவழிக் கலவை செய்தார். ஒரே மூலத்துக்கு இரண்டு உரையாசிரியர்கள்!

பார்சன்ஸின் உரை துணிவு மிக்கது. 'ரைம்' என்னும் பாடலின் தொடக்கத்திலே ஒலிக்கும் கடிகாரங்கள், நான்குவழி ஒலியைச் செயல்விளக்கம் செய்வதற்கென்றே அவர் கடையொன்றிலே பதிந்தவை. ஆதலால் அவை அறையின் நான்கு மூலையிலிருந்தும் அலறுவது இயல்பாகவே பொருந்துகின்றது. 'மணி' என்னும் பாடலிலே, நமது மிச்ரசாபு போல ஏழு எண்ணிக்கையில் நடக்கும் நாணயச் சத்தங்களும் அவ்வாறே. கத்றியோ அடக்கமானவர். பழைய இருவழிக் கலவையின் சமநிலையை மனத்திற்கொண்டு, அதனைக் குலைக்காமல் அகலப்படுத்துகிறார். அவர் மூலக் கலவைக்கு அளவுக்கு மிஞ்சி விசுவாசமாக இருந்துவிட்டார் என்பதே பார்சன்ஸின் குறை.

எவர் பக்கம் நான் என்று கேட்டால், பாடல்களுக்குக் கத்றியும் சத்தச் சித்திரங்களுக்குப் பார்சன்ஸும் என்பேன். இவ்விடையைச் சொல்ல இயன்றதற்குக் காரணம், 2011 இல் வெளியான பெரும் பதிப்பு இருவரின் கலவைகளையும் மூல இருவழிக் கலவையையும் ஒருங்கே தந்தமைதான். மூலத்தோடு உரைவேற்றுமையையும் ஒரே கட்டடத்துக்குள் தரும் பதிப்பு மாணாக்கனுக்கு ஒரு பல்கலைக்கழகம்.

குறை தீர்த்ததும் குறை சேர்த்ததும்

ஜெத்றோ ரல் குழுவினரின் 'அக்குவலங்' 1971 இல் வெளிவந்தபொழுதே அதன் ஒலி மங்கலானது என்று பெயர் எடுத்தது. லண்டனில் பழைய தேவாலயமொன்றைப் புதிதாக மாற்றியமைத்த கூடத்திலே பதிந்தார்கள். கூடம் இன்னும் பழகவில்லை. 2011 இல் வில்சன் செய்த மறுகலவையைக் கேட்டபொழுது, மறுகலவை தேவையற்ற ஆடம்பரம் என்று வாதிடும் என் நண்பரும் வாய் மூடினார். படைத்தவர் எண்ணமும் வெளிவந்த வடிவமும் வேறுபட்டு நின்ற இடத்திலே, எண்ணத்தை நோக்கி ஒலியை நகர்த்தியது அப்பதிப்பு. ஏட்டிலே செல்லரித்த எழுத்தை ஊகித்து நிரப்புவது போன்றது இது, நியாயமானது.

ஜெனெசிஸ் குழுவினரின் 1970 முதல் 1975 வரையிலான இசைத்தட்டுகள் 2008 இல் நிக் டேவிஸின் மறுகலவையாக, சூழொலியோடு, ஒரு பேழையாக வந்தன. அவற்றிலும் தெளிவு உண்டு. முன்பு புதைந்து கிடந்த பன்னிரு தந்திக் கிற்றார்கள் மேலெழுந்தன. ஆனால் இரண்டு குறைகளை நான் பொறுத்துக்கொள்ள இயலாது. முதலாவது, ஒலியின் ஏற்ற இறக்கத்தை நசுக்கியமை. மெல்லிய இடத்தை உயர்த்தி வல்லிய இடத்தோடு சமப்படுத்தினால், கேட்டவுடன் கவர்ச்சியாக இருக்கும். அரை மணியிலே செவி களைக்கும். கிசுகிசுப்பும் முழக்கமும் ஒரே உயரத்தில் நிற்குமாயின், ஏற்றத்தையே உயிராகக் கொண்ட இவ்விசைக்கு என்ன எஞ்சும்? இரண்டாவது, பேழையிலே மூலக் கலவை இல்லை. அதனைப் புதிதாக வாங்கும் இளைஞன், 1973 இல் மக்கள் கேட்டது இதுவே என்று நம்புவான். உரை மூலத்தின் நாற்காலியில் ஏறி அமர்ந்துவிட்டது.

இவற்றுக்கெல்லாம் எதிர்முனையில் ஜென்ரில் ஜயன்ற் குழுவினரின் கதை. அவர்களின் 1972 ஆம் ஆண்டு இசைத்தட்டாகிய 'ஒக்ரோபஸ்' வில்சனின் கலவையாக 2015 இல் வந்தபொழுது, சில பாடல்களின் பல்தட நாடாக்கள் கிடைக்கவில்லை. 2017 இல் வந்த 'திறீ பீஸ் சூட்' என்னும் தொகுப்பிலோ, முதன் மூன்று இசைத்தட்டுகளிலிருந்து நாடா தப்பிய பாடல்கள் மட்டுமே இடம்பெற்றன. எஞ்சியவற்றுக்கு உரை எழுத எவராலும் முடியாது. மூலப்பிரதி ஒன்றே கதி. காந்த நாடா நாம் நினைப்பதைவிட நொய்தான பொருள். சில வகை நாடாக்களின் பசை ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். இளஞ்சூட்டிலே பல மணி நேரம் உலர்த்தினால்தான் ஒரு முறையேனும் ஓட்டலாம். இன்று பிரதி எடுக்காத நாடா நாளை வெறும் பிளாஸ்ரிக் சுருள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே பிரதி என்பதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சூழொலிப் பதிப்பு என்னும் வணிக முயற்சி வேறெதனைச் செய்யாவிடினும், அந்நாடாக்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்துப் பாதுகாப்பான பிரதி செய்யவைத்தது. அந்த ஒன்றுக்காகவேனும் நன்றி சொல்லலாம்.

கருவி வழிபாடு வேண்டா

ஒரு கண்டனத்துக்கு விடை கூறாமல் முடித்தல் தகாது. ஆறு பெட்டிகளும் அவற்றுக்கென ஓர் அறையும் எத்தனை ஆசிரியர் வீட்டில் உண்டு? இது செல்வரின் பொழுதுபோக்கன்றோ? கண்டனத்தில் உண்மை உண்டு. இத்துறையிலே எழுதுவோர் பலர் இசையைப் பற்றி எழுதுவதில்லை. கம்பியின் தடிப்பையும் பெட்டியின் விலையையும் எழுதுகின்றனர். பின்னாலிருந்து ஒலி வந்ததா என்று எண்ணுவது விமரிசனமன்று, கணக்கெடுப்பு. ஒலி ஏன் அங்கிருந்து வந்தது, அதனால் பாடலின் பொருள் ஆழ்ந்ததா என்று கேட்பதே விமரிசனம். எனினும், சூழொலிக்கெனத் திறந்த நாடாவிலிருந்தே புதிய இருவழிக் கலவையும் பிறக்கின்றது. அதனைக் கேட்கச் சாதாரணச் செவிக்கருவி போதும். செல்வரின் அறைக்குள் நடந்த வேலையின் பெரும்பயன் மாணவரின் செவிக்கும் எட்டுகின்றது.

ஆகவே என் தீர்ப்பு இது. பழைய இசைத்தட்டின் புதிய பதிப்பைக் கையில் எடுக்கும் எவரும் நான்கு வினாக்களைக் கேட்கட்டும். மூலக் கலவை உடன் உண்டா? மூலத்துக்கு முந்திய நாடாவரை சென்றார்களா, அல்லது இருந்ததையே கருவியால் ஊதிப் பெருப்பித்தார்களா? மெல்லொலியை மெல்லொலியாக விட்டார்களா? வெட்டியது, சேர்த்தது எதுவாயினும் வெளிப்படையாகச் சொன்னார்களா? நான்குக்கும் ஆம் என்ற விடை கிடைப்பின், தயங்காது வரவேற்கலாம். முதல் வினாவுக்கே இல்லை என்ற விடை வரின், மற்ற மூன்றும் எத்துணைச் சிறந்தனவாயினும் அது நிறைவான பதிப்பன்று.

அன்று மாலை வீடு திரும்பியதும், அலுமாரியின் அடித்தட்டிலே கிடந்த அந்தப் பழைய நாடாவை எடுத்தேன். 'மூன்சைல்ட்' வரும் பக்கத்தைப் போட்டேன். இரைச்சல், மங்கல், ஒற்றை ஒலிபெருக்கி. பாடல் முடிந்து அந்தத் தயக்கமான கற்பனை தொடங்கியது. இம்முறை நாடாவை முன்னோக்கி ஓட்டவில்லை. ஒலிக்கு இடையே மூவரும் விட்ட அமைதி எவ்வளவு நீளமானது என்பதை, மாலையிலே தெளிவாகக் கேட்ட செவிதான் எனக்கு இப்பொழுது காட்டியது. உரை என்னை மூலத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. நல்ல உரைக்கு இதற்குமேல் வேறென்ன சான்று வேண்டும்?